நாள் குறிக்காமல் வரும் தேர்

எங்கள் குடியிருப்பின் முகப்பில் ஓர் அலங்கார வளைவு நிற்கிறது. நான்கு பிளாக்குகளும் அறுபத்துநான்கு வீடுகளும் கொண்ட இக்குடியிருப்புக்கு இருபத்தைந்து வயது நிறைந்ததைக் கொண்டாட, அசோசியேஷனார் வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் வீதம் வசூலித்து, இருபுறமும் அன்னப்பட்சிகளும் நடுவே கஜலட்சுமியுமாகச் சுதையில் அமைத்து, இரவில் நீலமும் சிவப்பும் மாறிமாறி எரியும் விளக்குச் சரத்தையும் சுற்றி எழுப்பிய அந்த வளைவைக் கண்டு மனம் மகிழாதவர் அன்று எங்களில் ஒருவரும் இல்லை. நானும் ஐயாயிரம் கொடுத்தவன்தான். திறப்பு விழாவில் கேசரியும் சாப்பிட்டவன். வளைவுக்கு அடியில் எத்தனை அடி உயரம் இருக்கிறது என்று கேட்கவேண்டுமென்ற எண்ணம் மட்டும் எவருக்கும் உதிக்கவில்லை.

சென்ற ஆண்டு ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில், நண்பகல் வேளையில், பூஜை அறையில் குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டு அம்மன் கோயிலுக்குப் போயிருந்த முதிய தம்பதியரின் வீட்டு ஜன்னலிலிருந்து, அதாவது கடைசி பிளாக்கின் மூன்றாம் மாடியிலிருந்து, கரும்புகை கிளம்பிற்று. யாரோ 101-க்குச் சொன்னார்கள். ஒன்பது நிமிடத்தில் தீயணைப்பு வண்டி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. சென்னையின் போக்குவரத்தை அறிந்தவர் எவரும் இதைச் சாமானியமான காரியம் என்று சொல்லமாட்டார். ஆனால் வந்த வண்டி வளைவுக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்து எக்கி, தம் வண்டியின் முதுகில் கிடந்த ஏணியையும் எங்கள் கஜலட்சுமியின் பாதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "மேல ஏணி இருக்கு சார், இடிக்கும்" என்றார் நிலைய அலுவலரிடம். வளைவைக் கட்டியபோது பதினோரடி இருந்த இடைவெளி, பிறகு தரையில் பேவர் பிளாக் பதித்தபோது ஆறு அங்குலம் குறைந்து, பத்தரையில் வந்து நின்றிருந்தது என்பதைப் பின்னால் டேப் பிடித்துப் பார்த்துத்தான் அறிந்தோம்.

பின்பக்கத்தில் இன்னொரு கேட் உண்டு. இருபதடி அகலம், நாற்பதடி ரோட்டைப் பார்த்தது. ஒரு தடவை சைக்கிள் திருட்டுப் போனதை முன்னிட்டு அதைப் பூட்டி வைத்து ஒன்பது வருஷமாயிற்று. சாவி பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தார்.

ஆகவே வண்டி வாசலிலேயே நிற்க, அதன் வயிற்றிலிருந்து கான்வாஸ் குழாய்களை உருவி, ஒன்றோடொன்று பொருத்தி, கார்களுக்கிடையே வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வாசலிலிருந்து கடைசி பிளாக் எண்பத்தைந்து மீட்டர். குழாய் ஒன்று முப்பது மீட்டர். மூன்று குழாய் வேண்டியிருந்தது. 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாயில் நீர் நிறைந்தால் முப்பது மீட்டருக்கு ஏறத்தாழத் தொண்ணூறு கிலோ கனம் ஏறிவிடும் என்பதையும், ஒரு மடிப்பு விழுந்தாலும் மறுமுனைக்கு நீர் சீராகப் போகாது என்பதையும் நினைத்துப் பார்த்தால், கார்களின் நடுவே அதை வளைத்துக்கொண்டு போவது எத்தகைய பிரயாசை என்பது விளங்கும். வழியில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் கார், இரண்டு வருஷமாக உறை போர்த்தி, சக்கரங்களில் காற்றிறங்கி, துளசி மாடத்தைப் போல ஸ்திரமாக நின்றிருந்தது. அதை எங்கள் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்தார்கள். வண்டி வாசலுக்கு வந்ததிலிருந்து மூன்றாம் மாடியில் முதல் சொட்டு நீர் விழுவதற்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

வீட்டில் ஆள் இல்லாதது தெய்வாதீனம். பூஜை அறையும் அதையடுத்த படுக்கையறையும் கரியாயின. அந்தத் தம்பதியரின் சஷ்டியப்தபூர்த்திப் புகைப்படம் சட்டத்தோடு போயிற்று. பிராணஹானி இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்கள் என்னை விடவில்லை: நகரம் முழுவதையும் கடந்துவர ஒன்பது நிமிடம், எங்கள் வாசலைக் கடக்கப் பதினொரு நிமிடம். முதலாவதற்குச் சர்க்காரைக் குறை சொல்லலாம். இரண்டாவதற்கு யாரைச் சொல்வது?

நிமிடக் கணக்குக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்பவர்கள், நம் வீட்டுச் சாமான்கள் மாறிப்போனதைக் கவனிக்கவேண்டும். மரக்கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் பருத்தித் துணியுமாக இருந்த அறையில் தீ, விருந்தாளியைப் போல மெல்ல உள்ளே வரும். இன்றைய சோபாவின் உள்ளிருப்பது பெட்ரோலியத்திலிருந்து பிறந்த நுரைப்பஞ்சு, திரை பாலியெஸ்டர், அலமாரி மரத்தூளைப் பிசினில் ஒட்டிய பலகை. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடத்தார், பழைய பாணிச் சாமான்கள் வைத்த அறை ஒன்றையும் புதிய பாணிச் சாமான்கள் வைத்த அறை ஒன்றையும் அருகருகே அமைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். பழைய அறை முழுவதும் ஒரே ஜ்வாலையாக மூண்டெழ ஏறத்தாழ 29 நிமிடம் பிடித்தது. புதிய அறைக்கு நான்கு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஜ்வாலை எழுமுன்பே புகை எழுந்துவிடுகிறது என்பது வேறு விஷயம். அப்புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவனை அது எழுப்புவதில்லை.

இனி வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். தெருவில் மணியடித்துக்கொண்டு பறக்கும்போது அதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறோமேயன்றி, அதன் உடல் எவ்வளவு பெரிது, அது நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாதாரண நீர்வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலம். அதில் 4,500 லிட்டர் நீர் இருக்கும். நீர் மட்டுமே நாலரை டன். ஒரு குழாய் நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் பீய்ச்சுவதாக வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் தொட்டி காலி; இரண்டு குழாய் என்றால் ஐந்தே நிமிடம். ஆகையால் ஒரு வண்டி உள்ளே போனால் போதாது. அது வெளியே வர, அடுத்தது உள்ளே போக, ஒன்றை ஒன்று கடக்க வழி இருக்கவேண்டும். உயர்ந்த மாடிகளுக்கு ஆளைத் தூக்கிச் செல்லும் ஸ்கைலிப்ட் வண்டியோ இன்னும் விசித்திரமான பிராணி: அது கையை நீட்டுமுன் நான்கு புறமும் காலை விரித்துத் தரையில் ஊன்றிக்கொள்ளவேண்டும். கால் விரிக்க இடமில்லாத சந்தில், எத்தனை மீட்டர் உயரம் எட்டும் ஸ்கைலிப்ட் வந்தாலும் அது மடக்கிய கையோடு நிற்கவேண்டியதுதான்.

இதையெல்லாம் கணக்கிட்டே 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடங்களுக்குச் சில அளவுகளைச் சொல்கிறது. கட்டடம் பார்த்திருக்கும் சாலை 12 மீட்டருக்குக் குறையலாகாது. அதாவது நம்மவர் சொல்லும் நாற்பதடி ரோடு. கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் வெற்றிடம், 45 டன் எடையைத் தாங்கும் கெட்டித் தரையோடு, யாதொரு தடையும் இன்றி இருக்கவேண்டும். நுழைவாயில் 6 மீட்டருக்குக் குறையாமலும், அதன் கதவுகள் சுற்றுச்சுவரோடு ஒட்டி மடங்குபவையாகவும் இருக்கவேண்டும். வாயிலுக்கு மேல் வளைவு கட்டத்தான் வேண்டுமென்றால் அடியில் நாலரை மீட்டர் உயரமாவது விடவேண்டும். எங்கள் கஜலட்சுமி எழுந்தருளியிருப்பது மூன்றே கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில்.

எங்கள் கட்டடம் 15 மீட்டரை எட்டவில்லை. ஆதலால் இந்த விதி எங்களைக் கட்டுப்படுத்தாது என்று எங்கள் செகரட்டரி பிற்பாடு ஒரு வாதம் சொன்னார். வாஸ்தவம். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அது உயர்மாடிக் கட்டடம்; அதற்குத்தான் சுற்றிலும் 7 மீட்டர் இடம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்ற நிபந்தனைகளெல்லாம் முறையாக வந்து சேர்கின்றன. கீழே கார் நிறுத்தும் தளமும் மேலே நான்கைந்து மாடிகளுமாக நம் நகரங்களில் தெருத்தெருவாக முளைத்திருக்கும் குடியிருப்புகள் பெரும்பாலும் இந்த எல்லைக்கு ஓரடி கீழேயே வந்து நின்றுகொள்கின்றன. விதி எங்கே முடிகிறதோ அங்கே கட்டடம் முடிகிறது. தீ மட்டும் எந்த விதியையும் வாசித்துவிட்டு வருவதில்லை.

தேரோடும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். மதுரையில் சித்திரைத் தேர் ஓடும் மாசி வீதிகளையோ, திருவாரூர் ஆழித்தேர் வலம்வரும் வீதிகளையோ சாதாரண நாளில் பார்த்தால், கோயிலைச் சுற்றி இவ்வளவு அகலத்தை வீணாக விட்டிருக்கிறார்களே என்று வெளியூர்க்காரனுக்குத் தோன்றக்கூடும். வருஷத்தில் ஒரே ஒரு நாளுக்காக, பல நூற்றாண்டுகளாக, அந்த அகலத்தை நம் முன்னோர் காப்பாற்றி வந்தார்கள். தேர்நாள் நெருங்கியதும் வீதியில் நீண்ட தாழ்வாரங்கள் பின்வாங்கும்; கடைக்காரர் தம் தட்டிகளைச் சுருட்டுவார்; மின்வாரியத்தார் குறுக்குக் கம்பிகளைக் கழற்றுவார்; முட்டுக்கட்டை போடுகிறவர், வீதி மூலைகளில் தேர் திரும்பும் இடத்தை நடந்து நடந்து பார்த்து வைத்துக்கொள்வார். கம்பியைக் கவனியாமல் விட்டால் என்ன நேரும் என்பதைத் தஞ்சைக்கு அருகே களிமேட்டில், 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி விடியற்கருக்கலில், தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் மாண்ட துயரத்தில் கண்டோம். தீயணைப்பு வண்டியும் ஒரு தேர்தான். அதற்கும் அகலம் வேண்டும், உயரம் வேண்டும், திரும்ப மூலை வேண்டும், போய் நிற்க ஒரு நிலை வேண்டும். பஞ்சாங்கத்தில் அதற்கு நாள் குறித்திருக்கவில்லை என்பது ஒன்றே வித்தியாசம். நாள் குறிக்காத தேருக்கு வழியை வருஷம் முழுவதும் திறந்து வைத்திருக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமைதான் நமக்கு வருவதில்லை. காலி இடத்தைக் கண்டால் நமக்குக் கை பரபரக்கிறது.

பரபரத்த கை எங்கள் வெற்றிடத்தில் என்னென்ன செய்திருந்தது என்பதை விபத்துக்குப் பிறகு நடந்து பார்த்தேன். ஜெனரேட்டருக்கு ஒரு கூண்டு. செருப்புத் தைப்பவருக்குக் கருணை காட்டி ஒதுக்கிய ஒரு மூலை. பிள்ளையார் சந்நிதி, அதற்கு முன் நான்கு தூண் மண்டபம். இவையாவது கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாதது கால்களுக்கு அடியில் இருந்தது. சென்னையில் கார் போகும் வழிக்கு அடியில்தான் பெரும்பாலும் சம்ப் என்னும் நிலத்தடி நீர்த்தொட்டியைக் கட்டுவார்கள். மேலே ஒரு கான்கிரீட் பலகை, நடுவில் இரும்பு மூடி. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது நாங்களும், எல்லாரையும் போல, சுவரோரமாக வரிசையாய்க் குழி வெட்டி, கருங்கல் ஜல்லி நிரப்பி, துளையிட்ட மெல்லிய பலகைகளால் மூடினோம். அது புண்ணிய காரியம். கிணற்றில் நீர் ஏறிற்று. ஆனால் காருக்காகப் போட்ட பலகையின்மீது பதினைந்து டன் வண்டி ஏறினால், தீயை அணைக்க வந்த வண்டியை மீட்க இன்னொரு வண்டியைக் கூப்பிடவேண்டிவரும்.

இத்தகைய அலட்சியத்தின் விலையை ரொக்கமாகக் கொடுத்துப் பாடம் கற்ற தேசம் ஒன்று உண்டு, அது தென்கொரியா. அங்கும் நம் ஊரைப் போலவே, தரைத்தளத்தைத் தூண்களின்மேல் திறந்துவிட்டு அதில் வாகனங்களை நிறுத்தும் சிறு குடியிருப்புகள் நகரெங்கும் நெருங்கி நிற்கின்றன. சியோலுக்கு வடக்கே உய்ஜொங்பு நகரில், 2015 ஜனவரி 10-ஆம் தேதி காலையில், பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் நின்ற ஒரு மோட்டார் பைக்கில் தீ பிறந்தது. பக்கத்திலிருந்த வாகனங்களைத் தொட்டு, வெளியேறும் வாசலை அடைத்து, மாடிப்படியைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு மேலே ஏறிற்று. அடுத்த கட்டடத்துக்கும் இதற்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், அதையும் தாவிற்று. தீயணைப்பு வண்டிகளோ, இருபுறமும் கார்கள் அடைத்து நின்ற குறுகிய தெருவில் முன்னேற வழியின்றித் தவித்தன. ஐந்து பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் சாதனம் பதினொரு மாடி முதல்தான் அங்கே அன்று கட்டாயம். இக்கட்டடம் பத்து மாடி. விதியின் எல்லைக்கு ஓரடி கீழே நிற்கும் கலை நம்முடையது மட்டுமல்ல என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

அது போதவில்லை போலும். 2017 டிசம்பர் 21-இல் ஜெச்சோன் என்ற சிறு நகரில் ஓர் உடற்பயிற்சி நிலையக் கட்டடம் பற்றி எரிந்தபோது, ஏணி வண்டி சட்டவிரோதமாக நிறுத்திய கார்களால் நேரே வரமுடியாமல் சுற்றி வரநேர்ந்தது. இரண்டாம் மாடிப் பெண்கள் குளியலறையில் இருந்தவர்களுக்கு அவசர வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் முன்னே சாமான் அடுக்கும் தட்டுகளை வைத்திருந்தார்கள். இருபத்தொன்பது பேர் போனார்கள். அவர்களில் இருபது பேர் அந்த ஒரே மாடியில். அதன் பிறகே அந்நாட்டார் விழித்துக்கொண்டு, வழியை மறிக்கும் காரை நொறுக்கியாவது தள்ளிவிட்டுப் போகும் அதிகாரத்தைத் தீயணைப்போருக்குச் சட்டத்தில் தெளிவாக்கினார்கள். 2018 ஆகஸ்ட் முதல், நூறு வீடுகளுக்குக் குறையாத புதிய குடியிருப்புகளில் தீயணைப்பு வண்டிக்கென்றே தரையில் மஞ்சள் கோடிட்ட தனியிடம் ஒதுக்கவேண்டும். அதில் காரை நிறுத்தினால் பத்து லட்சம் வோன் வரை அபராதம். நம் பணத்தில் அது அரை லட்சத்துக்கு மேல். அசோசியேஷன் கூட்டங்களில் அறவுரையால் நகராத கார்கள் அபராதத்தால் நகர்வதை உலகெங்கும் காண்கிறோம்.

கீழ்த்தளத்து வாகனங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமுடியவில்லை. டில்லியில் 1997 ஜூன் 13 அன்று உபஹார் திரையரங்கின் தரைத்தளத்தில், டிரான்ஸ்பார்மரில் பிறந்த நெருப்பு அருகில் நின்ற கார்களைப் பிடித்துக்கொள்ள, புகை மாடிப்படி வழியாகப் பால்கனிக்கு ஏறி 59 பேரைக் கொன்றது. ஜ்வாலை அவர்கள் அருகே போகவேயில்லை. நம் குடியிருப்புகளில் கீழ்த்தளத்தைப் பாருங்கள்: ஒரு சுவரில் இ.பி. மீட்டர் பெட்டிகள் வரிசையாக. அவற்றுக்கு எதிரே ஸ்கூட்டர்கள். நடுவே மாடிப்படியின் வாய். மாடி வீட்டார் எல்லாரும் இறங்கி ஓடிவரவேண்டிய வழி, தீ பிறப்பதற்கு எல்லா சௌகரியமும் உள்ள இடத்தில் வந்து முடிகிறது. இப்போது மின்ஸ்கூட்டர்களும் சேர்ந்துவிட்டன. அவற்றை நான் குறை சொல்லவில்லை, ஆனால் இரவு முழுவதும் நீட்டிப்புக் கம்பியில் சார்ஜ் போட்டு மாடிப்படிக்கு அடியில் விடும் வழக்கத்தைக் குறை சொல்வேன். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் பற்றிக்கொள்ள, தந்தையும் மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டதை மறப்பதற்கில்லை.

சென்னைக்கு உயரத்தைப் பற்றிய பாடம் வெகு காலத்துக்கு முன்பே கிடைத்துவிட்டது. அண்ணா சாலையில் 1959-இல் திறக்கப்பட்டு நகருக்கே அடையாளமாக நின்ற எல்.ஐ.சி. கட்டடத்தில் 1975 ஜூலை 11-ஆம் தேதி தீப்பிடித்தபோது, அன்று கைவசமிருந்த ஏணிகள் அதன் மேல்மாடிகளுக்கு எட்டவில்லை. பிற்பாடு 54 மீட்டர் எட்டும் ஸ்கைலிப்ட்களைத் தமிழ்நாடு வாங்கிற்று. உயரத்துக்குப் பணம் கொடுத்தால் பதில் கிடைக்கிறது. அகலத்துக்கு அப்படி எந்தக் கடையிலும் பதில் கிடைப்பதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிடவேண்டும். வண்டிக்கு வழி இருந்தால் மட்டும் எல்லாம் நலமாகும் என்று நான் வாதாடவில்லை. லண்டன் கிரென்பெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 நள்ளிரவு தாண்டி, நான்காம் மாடி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிய நெருப்பு, 72 உயிரைக் குடித்ததற்குப் பிரதான காரணம் சுவருக்கு வெளியே போர்த்திய எரியும் தகடுகள். இருந்த மாடிப்படியும் ஒன்றே ஒன்று. எனினும், அக்கோபுரத்தின் வாசலருகே தீயணைப்பு வண்டிகள் வந்து நிற்கும் இடம் சுருங்கிவருவதையும் கார்கள் அதை அடைப்பதையும் பற்றி அங்கு வாழ்ந்தோர் சிலர், விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதி எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பதும் உண்மை. வாசலைக் கவனிக்கும் கண்ணுக்கு மற்றவையும் தென்படும் போலும்.

அபாயவேளையில் லிப்டில் ஏறாதே, மொட்டைமாடிக் கதவைப் பூட்டாதே, படிக்கட்டில் பழைய பேப்பரும் சைக்கிளும் அடுக்காதே என்பவையெல்லாம் பலமுறை சொல்லப்பட்டவை. ஆகையால் அவற்றை விரிக்கவில்லை. நடைவழியைப் பற்றி மட்டும் ஒன்று: சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் பொது நடைவழியில் 1.2 மீட்டர் எப்போதும் காலியாக இருக்கவேண்டுமென்று விதி. செருப்பு அலமாரியும் பூந்தொட்டியும் அதற்கு அப்பால்தான். நம் நடைவழிகளின் மொத்த அகலமே பல இடங்களில் அவ்வளவுதான்.

எங்கள் விபத்துக்கு மூன்று வாரம் கழித்துப் பொதுக்குழு கூடிற்று. நான் பார்த்த கூட்டங்களிலேயே நீண்டது அது. வளைவை இடிக்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் கஜலட்சுமியை இடிப்பது சாஸ்திர விரோதம் என்று ஒரு கட்சி கிளம்பிற்று. வழியில் நிற்கும் பதினான்கு கார்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் நிலைமை இன்னும் விபரீதமாயிற்று. அந்த இடத்தை நாங்கள் கட்டுநரிடம் தனியாகப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்று நான்கு பேர் ரசீதோடு எழுந்தார்கள். குடியிருப்பின் திறந்தவெளியும் தரைத்தளக் கார் நிறுத்தமும் எல்லார்க்கும் பொதுவானவை, அவற்றைத் தனி வீடுபோலக் கூறுபோட்டு விற்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை என்று, மும்பை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இலேயே தீர்ப்பளித்திருப்பதை எங்கள் குடியிருப்பில் இருக்கும் வக்கீல் ஒருவர் எடுத்துச் சொன்னார். "அப்ப எங்க பணம் என்னாச்சு சார்?" என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. கேட்டவர் பேராசைக்காரர் அல்லர். மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்ததில் எடுத்துக் கொடுத்தவர். பிறர் விற்ற தவற்றை வாங்கியவர் தலையில் கட்டுவதும் நியாயமாகத் தோன்றவில்லை. இரவு பத்தரை மணிக்கு, வளைவும் கார்களும் தற்காலிகமாக இருந்தபடியே இருக்க, பின்பக்கத்துக் கேட்டைத் திறப்பது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தின் மகிமை, அதனால் எவருக்கும் நஷ்டமில்லை என்பதில் இருந்தது.

நிலைய அலுவலருக்கு எழுதிக் கேட்டோம். அவரும் பெருந்தன்மையாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியையே கொண்டுவந்து பார்க்கிறேன் என்றார். பொருளாளர் சாவியோடு முன்கூட்டியே போய்ப் பூட்டோடு மல்லாடினார். துருப்பிடித்த பூட்டு எண்ணெய்க்கு மசியாமல் கடைசியில் சுத்தியலுக்கு மசிந்தது. பூட்டு விழுந்தும் கதவு நகரவில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் வெளியே ரோட்டை மூன்று தடவை, பழையதைச் சுரண்டாமலேயே மேலே மேலே தார் போட்டு உயர்த்தியிருந்தார்கள். வெளிப்புறம் திறக்கவேண்டிய கதவின் அடிச்சட்டம் தாரில் புதைந்து நின்றது. உள்பக்கம் இழுக்கலாமென்றால் முருங்கைமரம். வண்டி வெளியே உறுமிக்கொண்டிருந்தது. நிலைய அலுவலர் இறங்கி வந்து, கம்பிகளுக்கிடையே எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். "இதுக்கு அடியில சம்ப் ஏதும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களில் எவருக்கும் தெரியவில்லை. செகரட்டரி பிளானை எடுத்துவரப் போனார். இருபது வருஷமாக இங்கே வாட்ச்மேனாக இருக்கும் பெரியவர்தான், கையில் இருந்த சாக்குக்கட்டியோடு முன்னே வந்து, "இந்தப் பக்கம் இல்லைங்க ஐயா, சம்ப்பு இங்க, மழைத்தண்ணிக் குழி இங்க ஒண்ணு, அங்க ரெண்டு" என்று ஒவ்வொன்றின் நாலு மூலையையும் தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே போனார். அந்தக் கோடுகளுக்கு நடுவே வண்டி போகக்கூடிய ஒரு பாதை கடைசி பிளாக் வரை வளைந்து கிடந்தது. மறுநாள் செகரட்டரி அவற்றின்மீது மஞ்சள் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.

புதன்கிழமை வெல்டர் வந்தார். கதவின் அடியில் ஒரு சாண் அளவுக்குச் சட்டத்தை அறுத்து, கீழே புதிதாக ஒரு பட்டையை ஒட்டவேண்டும். பொறி நாலா பக்கமும் தெறித்துக்கொண்டிருந்தது. முருங்கைமரத்தடியில் சருகு குவிந்து கிடந்தது. வாட்ச்மேன் யாரும் சொல்லாமலே சருகைக் கூட்டி அப்பால் தள்ளிவிட்டு, பம்ப் ரூமிலிருந்து ஒரு பக்கெட் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வெல்டரின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை முடியும் மட்டும் அங்கேயே குந்தியிருந்தார்.